திசு வளர்ப்பு ஏத்தன்: இது மரபணு மாற்றின வாழையா?

களக்காட்டு வாழைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். களக்காட்டுக்குக் கிழக்கே எனக்கு இரண்டு ஏக்கர் வாழை. முக்கால்வாசி ஏத்தன் (நேந்திரம்), வாய்க்கால் ஓரம் கொஞ்சம் கோழிக்கூடு ரக வாழை, வீட்டுக்குப் பக்கத்தில் பத்துப் பதினைந்து செவ்வாழை. முப்பது வருசமாக எனக்குத் தெரிந்தது ஒரே வழிதான். நல்ல தார் போட்ட மரத்தடியில் ஈட்டிக்கன்றாகப் பார்த்து எடுப்பேன், கிழங்கைச் சீவிச் சுத்தம் பண்ணி நடுவேன். ஓணத்துக்குத் தார் வெட்ட வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகையில் நட்டாக வேண்டும். மலையாளத்துக்கு லாரி ஏறும்போதுதான் ஏத்தனுக்கு விலை.

மூன்று வருசத்துக்கு முன்னால் கன்று போதாமல் வெளியே வாங்கி நட்டேன். ஆறாவது மாதம் முடிக்கொத்து வந்துவிட்டது. இலை குறுகி, விறைத்து, உச்சியில் துடைப்பத்தைக் கட்டி வைத்த மாதிரி நின்றது. தார் வரவில்லை. பாதித் தோட்டத்தைத் தோண்டி எரித்தேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கன்று வாங்கின தோட்டத்திலேயே நோய் இருந்திருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது.

அதனால் போன வருசம் முதல் தடவையாகத் திசு வளர்ப்புக் கன்று 800 வாங்கினேன். பெரும்பாலும் நன்றாகவே வந்தது, ஒன்றுபோல வளர்ந்து பதினைந்து நாள் இடைவெளிக்குள் எல்லாம் குலை தள்ளியது. ஆனால் 37 மரம் மட்டும் வேறு சாதி மாதிரி நின்றது. சிலது இடுப்பு உயரத்தோடு நின்றுவிட்டது, இலைகள் நெருக்கமாக. சிலதில் இலையில் வெள்ளைப் பட்டை. கன்று விற்ற இடத்தில் கேட்டதற்கு, தண்ணீரும் உரமும் சரியில்லை என்றார்கள். பக்கத்து மரத்துக்கும் அதே தண்ணீர், அதே உரம்தானே?

என் மகள் பாளையங்கோட்டையில் உயிரித் தொழில்நுட்பம் முதல் வருசம் படிக்கிறாள். வீட்டுக்கு வந்தால் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்று ஆசையாகப் பேசுகிறாள். எனக்கு அந்தப் பேச்சில் கலந்துகொள்ள வேண்டும், முடியவில்லை. என் அம்மாவுக்கு 84 வயது. "குழாய்க்குள்ள பிறந்த வாழையைச் சாமி பந்தல்ல கட்டக் கூடாது" என்று சொல்லி, சித்திரைக் கோயில் கொடைக்கு இந்தத் தோட்டத்துக் குலைவாழையை வெட்டவே விடவில்லை. அம்மாவுக்கு நான் சரியான பதில் சொல்ல வேண்டும்.

இது மரபணு மாற்றினதா? அந்த 37 மரம் ஏன் அப்படிப் போனது? மரபணு என்றால்தான் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


சேரன்மாதேவிக்காரி:

வணக்கம் அண்ணாச்சி. நான் ஒன்பது வருசமாக ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் வாழைக் குருத்து வெட்டுகிற வேலையில் இருக்கிறேன். மரபணு மாற்றினது இல்லை, அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். நம் நாட்டில் விவசாயிகள் விற்பனைக்காகப் பயிரிடுகிற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான், 2002லிருந்து. வாழையில் அப்படி எதுவும் நம் வயலுக்கு வரவில்லை.

நாங்கள் செய்வதும் நீங்கள் முப்பது வருசமாகச் செய்வதும் அடிப்படையில் ஒன்றுதான். நீங்கள் நல்ல தாய்மரத்தின் கன்றை எடுக்கிறீர்கள், நாங்களும் அதைத்தான் எடுக்கிறோம். மட்டையை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே போனால் கிழங்கின் தலையில் வெள்ளையாக ஒரு கூம்பு வரும். அதன் உச்சியில்தான் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கிற இளம் செல்கள் இருக்கின்றன. அந்தக் கூம்பைக் கிருமி நீக்கி, கண்ணாடி ஜாடிக்குள் வைக்கிறோம்.

ஜாடிக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் பலருக்குப் பயம். முராஷிகே, ஸ்கூக் என்ற இரண்டு பேர் 1962ல் வெளியிட்ட உப்புக் கலவை. அதில் தழைச்சத்து, சாம்பல் சத்து, சுண்ணாம்பு, இரும்பு என்று நீங்கள் வயலுக்குப் போடுவதுதான், அளவு மட்டும் மில்லிகிராமில். லிட்டருக்கு 30 கிராம் சீனி, ஏனென்றால் ஜாடிக்குள் கன்று தனக்கு வேண்டிய உணவை முழுசாகத் தயாரிக்க முடியாது. கெட்டியாக்க அகர். மேலப்பாளையத்தில் நோன்புக் காலத்தில் கடல்பாசி செய்து தருவார்களே, அதே பொருள்தான். எல்லாவற்றையும் 121 டிகிரியில், பிரஷர் குக்கர் மாதிரியான ஆட்டோகிளேவில் வேக வைத்துவிடுவோம். ஒரு காளான் வித்து உள்ளே போனாலும் சீனியைத் தின்று ஜாடியையே மூடிவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வெட்டின குருத்தெல்லாம் ஒரு நாளில் கருத்துச் செத்தது. அழுதுவிட்டேன். அது வேறொன்றுமில்லை, நம் வேட்டி சேலையில் பட்டால் போகாதே, அந்த வாழைக்கறைதான். வெட்டின இடத்தில் பீனால் சேர்மங்கள் காற்றுப் பட்டுக் கருத்து, செல்லுக்கே விஷமாகிவிடும். வாழைப்பூவை நறுக்கினவுடன் மோர்த் தண்ணீரில் போடுகிறோம் இல்லையா? அதே காரணத்துக்காக நாங்கள் சிட்ரிக் அமிலம், அஸ்கார்பிக் அமிலக் கரைசலில் போடுகிறோம். என் அம்மா சமையலறையில் செய்ததைத்தான் கூடத்திலும் செய்கிறேன் என்று புரிந்த பிறகு எனக்குக் கை வந்துவிட்டது.

அடுத்தது இரண்டு ஹார்மோன்கள். சைட்டோகைனின் கூடுதலாக இருந்தால் குருத்துக் கிளைக்கும். ஆக்ஸின் கூடுதலாக இருந்தால் வேர் விடும். 1957ல் ஸ்கூக்கும் மில்லரும் புகையிலைத் திசுவில் காட்டினது இது. சைட்டோகைனின் நம் இளநீரிலேயே இருக்கிறது. அந்தக் காலத்தில் திசு வளர்த்தவர்கள் பலர் இளநீரை ஊற்றி வளர்த்தார்கள்.

உங்கள் 37 மரத்துக்கு வருகிறேன். நாலு வாரத்துக்கு ஒரு தடவை கிளைத்த குருத்தைப் பிரித்துப் புது ஜாடிக்கு மாற்றுவோம். ஒன்று மூன்றாகப் பெருகுகிறது என்று வையுங்கள். எட்டாவது மாற்றத்தில் 6561. இன்னும் இரண்டு தடவை மாற்றினால் 59,049. ஆசை இங்கேதான் வரும். மாற்ற மாற்ற, ஹார்மோன் வேகத்தில் செல் பிரியும்போது தவறு சேர்ந்துகொண்டே போகும். டி.என்.ஏ.வில் எழுத்து மாறலாம், டி.என்.ஏ. சுருண்டு கிடக்கிற குரோமோசோம் ஒன்று கூடலாம் குறையலாம். குட்டை மரம், வெள்ளைப் பட்டை எல்லாம் இதனால்தான். சோமாகுளோனல் மாறுபாடு என்று பெயர். ஏழு, எட்டு மாற்றத்தோடு நிறுத்திவிட்டுப் புதிய கிழங்கிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்கு. உங்களுக்குக் கன்று கொடுத்தவர்கள் அதைத் தாண்டியிருக்கலாம், அல்லது தட்டில் இருக்கும்போதே மாறினதைப் பொறுக்கி எறியாமல் விட்டிருக்கலாம். 37 மரமும் உங்கள் தண்ணீரால் போகவில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனிமேல் வாங்கும்போது இரண்டு கேளுங்கள்: தாய்மரத்துக்கு வைரஸ் சோதனை செய்த சான்று, கன்றுகளுக்கு மரபுத் தூய்மைச் சான்று. திசு வளர்ப்புக் கன்றுகளுக்குச் சான்றளிக்கும் முறையை மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை 2006லிருந்து நடத்துகிறது.


கரிசல் பருத்தி:

சங்கரன்கோவில் பக்கம். மரபணு மாற்றுப் பயிர் என்றால் என்ன என்று வயலில் பார்த்தவன் என்பதால் இரண்டு வார்த்தை.

எங்கள் தாத்தா போட்டது கருங்கண்ணி. இன்றைக்கு நான் போடுவது பி.டி. பருத்தி. மண்ணில் இருக்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் பருத்திக்குள் வைத்தது. பருத்திச் செடியே அந்தப் புரதத்தைச் செய்துகொள்கிறது. காய்ப்புழு கடித்தால் அதன் குடலில் இருக்கிற காரத்தன்மையில் அந்தப் புரதம் முடுக்கம் பெற்று, குடல் சுவரில் ஓட்டை போட்டுவிடும். பாக்டீரியா மரபணு பருத்திக்குள் போனது, அதனால் அது மரபணு மாற்றம். வாழைக் கிழங்கை ஜாடியில் வளர்த்தால் வெளியிலிருந்து எதுவும் உள்ளே போகவில்லை. வித்தியாசம் இவ்வளவுதான் அண்ணாச்சி.

முதல் சில வருசம் மருந்தடிப்பு நன்றாகக் குறைந்தது, உண்மை. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது கேட்காது, அதற்கு அடித்தோம். அப்புறம் இளஞ்சிவப்புக் காய்ப்புழு பழகிக்கொண்டுவிட்டது. ஒரே ஆயுதத்தை ஊர் முழுக்க வருசா வருசம் காட்டினால் பூச்சி கற்றுக்கொள்ளாமல் என்ன செய்யும்? பூச்சி அப்படிப் பழகிவிடாமல் இருக்க, பி.டி. அல்லாத விதையையும் ஓரத்தில் விதைக்கச் சொல்லிப் பையோடு தனியாகக் கொடுத்தார்கள். நாங்கள் பெரும்பாலோர் விதைக்கவில்லை. அது எங்கள் தவறு என்று இப்போது நினைக்கிறேன்.


ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்:

தம்பி, மகளோடு பேச வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் பதில் போடாமல் இருக்க முடியவில்லை. அம்பாசமுத்திரத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுத்த விதத்திலேயே சொல்கிறேன்.

உங்கள் நிலத்துக்கு மூலப்பத்திரம் உண்டு. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேடு அலுவலகத்தை விட்டு வெளியே வராது. கடன் வாங்க வேண்டுமா, பாகம் பிரிக்க வேண்டுமா, தேவையான பக்கத்துக்கு நகல் வாங்கிக்கொண்டு போவீர்கள். வேலை நகலை வைத்து நடக்கும். செல்லுக்குள்ளும் அப்படித்தான். டி.என்.ஏ. பதிவேடு, உட்கருவுக்குள் இருக்கும். ஒரு பக்கம் தேவைப்பட்டால் அதற்கு ஆர்.என்.ஏ. என்ற நகல் எடுக்கப்படும். நகல் வெளியே வந்து ரைபோசோம் என்ற பட்டறைக்குப் போகும். அங்கே அதைப் படித்துப் புரதம் கட்டப்படும். பதிவேட்டில் ஒரு புரதத்துக்கான பக்கம்தான் மரபணு. உங்கள் மகள் சென்ட்ரல் டாக்மா என்று சொல்லியிருப்பாள். இதுதான் அது.

தமிழுக்கு 247 எழுத்து. டி.என்.ஏ.வுக்கு நான்கே: ஏ, டி, ஜி, சி. மூன்று மூன்றாகச் சேர்த்துப் படித்தால் 64 சொல் வரும். அந்த 64ம் 20 அமினோ அமிலங்களையும் எங்கே நிறுத்துவது என்பதையும் சொல்லிவிடும். காட்டு வாழை ஒன்றின் முழுப் பதிவேட்டை 2012ல் படித்து வெளியிட்டார்கள். சுமார் 52 கோடி எழுத்து, அதில் ஏறக்குறைய 36,500 மரபணு. இந்தப் பதிவேடு வேரில் ஒன்று, இலையில் ஒன்று என்று பிரிந்து கிடக்கவில்லை. ஒவ்வொரு செல்லிலும் முழுசாக இருக்கிறது. வேரில் வேருக்கான பக்கம் திறந்திருக்கும், மற்றது மூடியிருக்கும். அதனால்தான் கிழங்கின் நுனியில் ஒரு துணுக்கை எடுத்து வளர்த்தாலும் முழு வாழை வருகிறது. 1902லேயே ஹேபர்லாண்ட் இதைச் சொல்லிவிட்டார். அவர் கையில் அது வளரவில்லை, ஆனால் சொன்னது சரி.

பக்கத்தை மூடுவதற்கும் அடையாளம் உண்டு. டி.என்.ஏ. எழுத்தின்மேல் மெத்தில் என்ற சிறு முத்திரை குத்தப்படும். எழுத்து அப்படியே இருக்க, முத்திரை மட்டும் அழிந்தாலும் மரம் மாறிவிடும். திசு வளர்ப்பில் வந்த எண்ணெய்ப்பனைகளில் சில காய் கோணலாகப் போய் எண்ணெய் இல்லாமல் நின்றன. ஓரிடத்தில் அந்த முத்திரை போய்விட்டதுதான் காரணம் என்று 2015ல் கண்டுபிடித்தார்கள். சேரன்மாதேவித் தங்கச்சி சொன்ன காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாபநாசம் மலைப் பக்கம் காட்டு வாழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பழத்துக்குள் கல் மாதிரி விதைதான். உங்கள் ஏத்தனில் ஏன் விதை இல்லை? அதில் 11 குரோமோசோம் மூன்று தொகுதியாக, 33 இருக்கிறது. இரண்டு தொகுதி மூசா அக்குமினேட்டா என்ற காட்டு வாழையிலிருந்து, ஒன்று மூசா பால்பிசியானா என்ற இன்னொரு காட்டு வாழையிலிருந்து. மூன்றைச் சமமாக இரண்டாகப் பிரிக்க முடியாது, அதனால் விதை கட்டாது. ஆக, நம் தாத்தன் பாட்டன் நட்ட ஏத்தன் எல்லாமே விதையில்லாமல், கிழங்கு வழியாக ஒரே பதிவேட்டை நகலெடுத்து வந்ததுதான். குளோன் என்ற சொல் வருவதற்கு முன்பே நாம் குளோன் செய்தவர்கள். இதை உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்.

முடிந்தால் மகளோடு ஒரு வேலை செய்யுங்கள். நன்றாகக் கனிந்த கோழிக்கூடு பாதி எடுத்து மசியுங்கள். அரை டம்ளர் தண்ணீரில் அரைக் கரண்டி உப்பும் ஒரு கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவமும் நுரை வராமல் கலக்கி, மசித்ததில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வு கொழுப்பால் ஆனது, எண்ணெய்ப் பிசுக்கைப் போலவே சோப்பில் கரையும். பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கிற ஸ்பிரிட்டை முன்கூட்டியே நன்றாகக் குளிர வைத்து, டம்ளரைச் சாய்த்து ஓரமாக மெதுவாக ஊற்றுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. டி.என்.ஏ. ஸ்பிரிட்டில் கரையாது. இரண்டும் சேருகிற இடத்தில் வெள்ளையாகப் பஞ்சு நூல் எழும்பும். சுத்தமான டி.என்.ஏ. அல்ல, ஆர்.என்.ஏ., பெக்டின் எல்லாம் கலந்திருக்கும். ஆனாலும் அதை முதல் தடவை பார்க்கிற பிள்ளைகளின் முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.


களக்காட்டு வாழைக்காரன்:

சார், தங்கச்சி, கரிசல் அண்ணாச்சி, மூன்று பேருக்கும் மனப்பூர்வமான நன்றி. பத்திர உதாரணம் எனக்கு நேராக மண்டையில் ஏறிவிட்டது. ஒரு சந்தேகம் பாக்கி. தாய்மரத்துக்கு வைரஸ் சோதனை என்றால் என்ன செய்வார்கள்? நல்ல மரமா என்று பார்த்தாலே தெரியாதா? அப்புறம், ஒன்றின் மரபணு இன்னொன்றுக்குள் போவது இயற்கையில் நடக்காத காரியம் என்று எங்கள் ஊரில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். அது சரியா?


சேரன்மாதேவிக்காரி:

பார்த்தால் தெரியாது அண்ணாச்சி, உங்கள் தோட்டம் போனதே அதனால்தான். முடிக்கொத்து வைரஸை மட்டைக்குள் ஒளிந்திருக்கிற கறுப்பு அசுவினி பரப்புகிறது. மரம் வளர்ந்தபின் தொற்றினால் தார்கூட வந்துவிடும், அறிகுறி கண்ணில் படாது. ஆனால் அடியில் வருகிற கன்றில் நோய் இருக்கும். ஜாடிக்குள் போட்டால் வைரஸ் தானாகப் போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். போகாது. ஒரு நோய்த் தாயை எடுத்துவிட்டால் ஆயிரம் நோய்க் கன்று செய்துவிடுவோம்.

அதனால் இலைத் துண்டில் பி.சி.ஆர். என்ற, டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டுகிற சோதனையைச் செய்து பார்ப்போம். கேரி மல்லிஸ் 1983ல் யோசித்த முறை, 1993ல் நோபல் பரிசு. 94 டிகிரிக்குச் சூடாக்கினால் டி.என்.ஏ.வின் இரண்டு இழை பிரியும். 55 டிகிரி வாக்கில் ஆற்றினால், வைரஸுக்கென்று செய்த சிறு துணுக்கு தன் ஜோடியைத் தேடி ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி மிச்சத்தை எழுதி முடிக்கும். அந்த நொதி வெந்நீர் ஊற்றில் வாழ்கிற பாக்டீரியாவிடமிருந்து வந்தது, அதனால் சூட்டில் சாகாது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டிவிடும். வைரஸ் இருந்தால், பெருகின டி.என்.ஏ.வைப் பிரித்துக் காட்டுகிற ஜெல்லில் பட்டை தெரியும். முடிக்கொத்து வைரஸ் டி.என்.ஏ. வகை, நேராகப் பார்க்கலாம். வாழைக்கும் வருகிற வெள்ளரித் தேமல் வைரஸ் ஆர்.என்.ஏ. வகை. அதற்கு சார் சொன்ன நகலிலிருந்து முதலில் பத்திரத்தைத் திருப்பி எழுதிக்கொண்டு, பிறகுதான் பி.சி.ஆர்.

உங்கள் ஊர்க்காரருக்குப் பதில் பொங்கல் பானைப் பக்கத்திலேயே இருக்கிறது. சிறுகிழங்கோடு வைத்துப் படைக்கிறோமே, அந்தச் சீனிக்கிழங்கு. அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியா தன் டி.என்.ஏ.வில் ஒரு துண்டைச் செடிக்குள் செலுத்தக் கூடியது. ஆய்வுக்கூடங்கள் செடிக்குள் மரபணு வைக்க அதையே வண்டியாகப் பயன்படுத்துகின்றன. சாகுபடியில் இருக்கிற சீனிக்கிழங்கு ரகங்களுக்குள் அந்தப் பாக்டீரியாவின் மரபணுக்கள் இயற்கையாகவே இருக்கின்றன என்று 2015ல் தெரிந்தது. பல நூற்றாண்டாக அதைத் தின்கிறோம். இதனால் எல்லா மரபணு மாற்றமும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். நடக்காத காரியம் என்பது மட்டும் சரியில்லை.


களக்காட்டு வாழைக்காரன்:

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்திருந்தாள். சார் சொன்னபடி கோழிக்கூடு மசித்துச் செய்தோம். முதல் தடவை ஸ்பிரிட்டைச் சட்டென்று ஊற்றிவிட்டேன், எல்லாம் கலங்கிவிட்டது. இரண்டாவது தடவை மகள் ஊற்றினாள். வெள்ளை நூல் எழும்பியது. அம்மாவைத் திண்ணையிலிருந்து கூப்பிட்டுக் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். "வாழை நார் மாதிரில்லா இருக்கு" என்றார்கள். விதையில்லாத கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், கிணற்றடியில் நிற்கிற ஏத்தன் அம்மாவைப் பெற்ற ஆச்சி திருக்குறுங்குடியிலிருந்து கொண்டுவந்த கிழங்கின் வழி என்றும், ஒரு சூறைக்காற்றிலும் அது சாய்ந்ததில்லை என்றும், கன்று செய்வதாக இருந்தால் அதில் செய்யச் சொல் என்றும் சொன்னார்கள். முப்பது வருசம் அந்தத் தோட்டத்தில் நிற்கிறேன், இது எனக்குத் தெரியாது.

தங்கச்சி, அந்த மரத்திலிருந்து கன்று செய்து தருவீர்களா? எப்போது கொண்டுவர வேண்டும்?


சேரன்மாதேவிக்காரி:

கட்டாயம் செய்யலாம் அண்ணாச்சி. கிழங்கை இப்போது தோண்ட வேண்டாம், மழைக்காலத்தில் எடுத்தால் கிருமி அதிகம் வரும். முதலில் இளம் இலையில் உள்ளங்கை அளவு துண்டு வெட்டி, ஈரத் துணியில் சுற்றி, மரத்துக்கு ஓர் அடையாளம் எழுதி அனுப்புங்கள். சோதனையில் சுத்தம் என்று வந்தால் மாசி கடைசியில் மூன்றடிக்குள் இருக்கிற ஈட்டிக்கன்று இரண்டு, கிழங்கு காயம் படாமல். அதுவரை அந்த மரத்தடியில் அசுவினி, எறும்பு வருகிறதா என்று வாரம் ஒரு தடவை மட்டையை விலக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.